நம் வயலுக்கு எந்த டிராக்டர்? காவிரிப் படுகை விவசாயிக்கு ஓர் எளிய விளக்கம்

மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்கப்பட்டாலும், அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து கன்னி என்னும் சிறு வயல் வாய்க்காலுக்கும் இறங்கிக் கடைமடை வயலை நனைப்பதற்குப் பல நாள்கள் ஆகின்றன. வந்து சேர்ந்த பிறகோ ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது. முறைத் தண்ணீர் அடுத்தவருக்கு மாறுவதற்குள் உழுது, தொளி அடித்து (தண்ணீர் நிறுத்தி உழுது சேறாக்கி), பரம்பு இழுத்துச் சமன் செய்து, நாற்றை நட்டாக வேண்டும். ஊரில் அனைவருக்கும் ஒரே வாரத்தில் டிராக்டர் தேவைப்படுவதும், வாடகை வண்டிக்காரர் "நாளைக்கு வந்துவிடுகிறேன்" என்று நான்கு நாள் சொல்வதும், நாற்று வயது முற்றிப்போவதும் டெல்டாவில் ஒவ்வோர் ஆண்டும் நடப்பவை. சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் அந்த நான்கு நாள்களில்தான் பிறக்கிறது.

அந்த எண்ணத்தோடு கடைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பது. அடுத்து, எத்தனை எச்.பி., அதாவது எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பது. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் டெல்டாவில் முதலில் கேட்க வேண்டியவை அவையல்ல. உங்கள் வயலில் சேறு எவ்வளவு ஆழம், வயலுக்குப் போகும் வழி எப்படிப்பட்டது, எந்தக் கருவியை அதிக நேரம் ஓட்டப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எச்.பி. எவ்வளவு என்பது ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். வயலில் தொடங்கிக் கருவிக்கு வந்து, கருவியிலிருந்து டிராக்டருக்கு வருவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் சேறு

காவிரி, வெண்ணாற்றுப் பாசனப் பகுதியான பழைய டெல்டாவின் பெரும்பகுதி ஆற்று வண்டல் படிந்த களிமண் நிலம். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் காலைக் கவ்விக்கொள்ளும். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமுள்ள புதிய டெல்டாவில் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் மிகுதி. வேதாரண்யத்தை நெருங்கினால் கடற்கரை மணல். ஒரே மாவட்டத்துக்குள் இருபது கிலோமீட்டர் இடைவெளியில், ஓரிடத்தில் நன்றாக உழைக்கிற வண்டி மற்றோரிடத்தில் புதைந்து நிற்பதற்கு இந்த வேறுபாடே காரணம். ஆகவே, உறவினர் ஊரில் ஒரு வண்டி நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் நம்பி அதையே வாங்குவது ஆபத்தானது.

வயலின் சேற்றை அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தொளி அடித்த மறுநாள் வயலுக்குள் இறங்கி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் வாய்மடைக்கு அருகிலும் நின்று பாருங்கள். கணுக்கால் அளவு புதைந்தால் எந்த டிராக்டரும் ஓடும். ஆடுசதை வரை புதைந்தால் எடையையும் சக்கரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழங்காலைத் தொட்டால் இரண்டு டன் எடையுள்ள வண்டியை அந்த வயலுக்குள் இறக்குவதையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: சேற்றைத் தாண்டிக் கம்பி திடீரென்று தடைபடும் இடத்தில்தான் கெட்டித் தட்டு இருக்கிறது. டிராக்டரின் சக்கரம் அந்தத் தட்டின் மீது ஏறி நின்றுதான் ஓடுகிறது. தட்டு இருக்கும் ஆழம், வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைவிடக் கூடுதலாக இருந்தால், சக்கரம் தட்டை எட்டுவதற்கு முன்பே வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் அந்த இடைவெளி 35 முதல் 40 சென்டிமீட்டர், அதாவது ஒன்றேகால் அடி அளவிலேயே இருக்கிறது.

அந்தக் கெட்டித் தட்டு பல தலைமுறை தொளி உழவால் உண்டானது. நெல் வயலில் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் நிறுத்தி வைப்பது அதுதான். கனமான வண்டியை ஈரம் மிகுந்த நேரத்தில் ஆண்டுதோறும் ஓட்டினால் தட்டு குலைந்து சேறு ஆழமாகிக்கொண்டே போகும். முன்பு ஆடுசதை வரை இருந்த வயல் பத்து ஆண்டுகளில் முழங்கால் வயலாகிவிட்டது என்று பலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். கரும்புக்கும் தோட்டக்கால் பயிருக்கும் உளிக் கலப்பையால் அடிமண்ணை உடைப்பது நன்மை தரும். அதே கலப்பையை நெல் வயலில் இறக்குவது, தண்ணீர்ப் பானையின் அடியில் ஓட்டை போடுவதற்குச் சமம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், டெல்டாவில் ஒரு டிராக்டரின் எடை எவ்வளவு என்ற கேள்வி, அதன் எச்.பி. எவ்வளவு என்ற கேள்விக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது விளங்கும்.

குதிரைத்திறன் என்பது மூன்று எண்

வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண், இன்ஜின் தனியாக எவ்வளவு ஆற்றல் தருகிறது என்பதைக் குறிக்கிறது. அந்த ஆற்றல் முழுவதும் வயலுக்கு வந்து சேர்வதில்லை. டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டு ஒன்று இருக்கிறது. பிடிஓ என்று அனைவரும் அழைப்பது அதைத்தான். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் போன்றவை அதிலிருந்தே சுழற்சியைப் பெறுகின்றன. இன்ஜினில் 45 எச்.பி. இருந்தால் பிடிஓவில் கிடைப்பது ஏறக்குறைய 38 முதல் 40 வரை. மூன்றாவது எண், கலப்பையை இழுக்கும் கொக்கியில் கிடைக்கும் இழுவைத் திறன். அது தரையின் பிடிமானத்தைப் பொறுத்தது. காய்ந்த கெட்டி நிலத்திலேயே பிடிஓ அளவைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், சேற்றிலோ மிகவும் சரிந்துவிடும்.

அந்தச் சரிவு எங்கே நேர்கிறது என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். பின்சக்கர டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அடையாளம் இட்டு, கெட்டியான தரையில் சுமையில்லாமல் வண்டியை ஓட்டி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது எவ்வளவு தூரம் போகிறது என்று நாடாவால் அளக்க வேண்டும். 45 எச்.பி. வண்டிகளில் வழக்கமாக வரும் 28 அங்குல விளிம்புள்ள டயருக்கு அது 40 மீட்டர் அளவில் இருக்கும். பிறகு கலப்பையை இறக்கி, உழும்போது அதே பத்துச் சுற்றை அளக்க வேண்டும். 34 மீட்டர் போனால் வழுக்கல் 15 விழுக்காடு. உழவில் அவ்வளவு இருப்பது இயல்பே. 28 மீட்டர்தான் போகிறது என்றால் 30 விழுக்காடு வழுக்குகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டீசல் சக்கரத்தை வீணாகச் சுற்றுவதற்கே செலவாகிறது என்று பொருள். அந்த நிலையில் இன்னும் பெரிய இன்ஜின் வாங்கினால் வழுக்கல்தான் கூடுமே தவிர உழவு கூடாது. பிடிமானத்தைக் கூட்டும் வழியைத்தான் தேட வேண்டும்.

டெல்டாவில் ரோட்டாவேட்டர் இவ்வளவு வேகமாகப் பரவியதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. கொத்துக் கலப்பையைச் சக்கரத்தின் பிடிமானத்தால் இழுக்க வேண்டும். சேற்றில் கிடைக்காதது அந்தப் பிடிமானம்தான். ரோட்டாவேட்டரோ பிடிஓவிலிருந்து நேராகச் சுழற்சியைப் பெறுகிறது. அதன் கத்திகள் சுழலும் திசை வண்டியை முன்னோக்கித் தள்ளவும் செய்கிறது. இழுவை கிடைக்காத இடத்தில் சுழற்சியைப் பயன்படுத்திக்கொள்கிற கருவி அது. ஆகவே, தொளி உழவே முதன்மையான வேலையாக உள்ள ஒரு விவசாயி கடைக்காரரிடம் கேட்க வேண்டிய எண், இன்ஜின் எச்.பி. அல்ல, பிடிஓ எச்.பி. ஒரே 45 எச்.பி. என்று விற்கப்படும் இரண்டு வண்டிகளுக்குள் பிடிஓ அளவில் மூன்று நான்கு எச்.பி. வேறுபாடு இருப்பதுண்டு.

அந்த எண்ணை விளம்பரத் தாளை நம்பி முடிவு செய்ய வேண்டியதும் இல்லை. மத்தியப் பிரதேச மாநிலம் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பிடிஓவில் அளந்த திறன், டீசல் செலவு, பின்புற லிப்ட் தூக்கும் எடை ஆகியவற்றோடு, சேற்று உழவில் ஓட்டிப் பார்த்தபோது, சேற்றுத் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல்கள் எப்படித் தாங்கின என்பதும் அந்த அறிக்கைகளில் இருக்கும். வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையைக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்பது வாங்குபவரின் உரிமை.

கருவியிலிருந்து டிராக்டருக்கு

ரோட்டாவேட்டரின் அகலமே டிராக்டரின் அளவைத் தீர்மானிக்கிறது. நான்கடி ரோட்டாவேட்டருக்கு 25 முதல் 30 எச்.பி. வண்டி போதும். ஐந்தடிக்கு 35 முதல் 40, ஆறடிக்கு 45 முதல் 50, ஏழடிக்கு 50க்கு மேல் என்பது பொதுவான பொருத்தம். களிமண் மிகுந்த வயலில் ஒரு படி சிறிய ரோட்டாவேட்டரைப் போடுவது நல்லது; இன்ஜின் திணறாது, டீசலும் மிஞ்சும். இதில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது: ரோட்டாவேட்டரின் அகலம் டிராக்டரின் பின்சக்கரத் தடத்தை மூட வேண்டும். தடத்தைவிடக் குறுகிய ரோட்டாவேட்டர் போட்டால், ஒவ்வொரு சாலிலும் சக்கரம் அழுத்திய பள்ளம் மூடப்படாமல் நின்று, பரம்பு இழுத்த பிறகும் வயல் சமமாக இருக்காது.

ஆறடி ரோட்டாவேட்டர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு முடிக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அகலம் 1.8 மீட்டர், வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் பெருக்கி வருவது 5,400 சதுர மீட்டர். திரும்புவதற்கும் மூலை எடுப்பதற்கும் பத்தில் மூன்று பங்கு நேரம் போய்விடும்; எஞ்சுவது சுமார் 3,800. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர் ஆகையால், ஒரு தடவை ஓட்ட ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. வயல் ஒரு மா அளவுள்ள துண்டுகளாக, அதாவது 33 சென்ட் அளவில் இருந்தால், திரும்பும் நேரம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட வயல்களில் ஏழடி ரோட்டாவேட்டரும் பெரிய வண்டியும் வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவு வேலை நடக்காமல் ஏமாந்திருக்கிறார்கள். குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடிய நடுத்தர வண்டி அங்கே அதிகம் முடிக்கும்.

வாழைக்கு உழ வேண்டிய திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயிக்கும், தென்னந்தோப்புக்குள் ஓட்ட வேண்டிய பட்டுக்கோட்டை விவசாயிக்கும் கணக்கு வேறு. வாழை வரிசைகளுக்கு இடையே புக ஒரு டன் அளவு எடையுள்ள மினி டிராக்டரோ பவர் டில்லரோதான் ஏற்றது. தென்னையில் இடைவெளி 25 அடி இருப்பதால் சாதாரண வண்டியே தாராளமாகப் போகும். நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு டிரெய்லரில் ஏற்றிச் செல்வதே முக்கிய வேலை என்றால் எடையும் பிரேக்கும் முதன்மை பெறும். இலகுவான வண்டியின் பின்னால் நிறை சுமை டிரெய்லரைப் பூட்டினால், பாலத்து இறக்கத்தில் டிரெய்லர்தான் வண்டியை ஓட்டும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியை வாங்குவது சேற்றுக்கும் சாலைக்கும் பொருந்தும், ஏனெனில் உலர் பிரேக்கில் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் பிடிமானம் போய்விடும்.

கிளட்சைப் பற்றி ஒரு விளக்கம். ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலை மிதித்தால் வண்டியும் நிற்கும், பிடிஓவும் நிற்கும். இரட்டைக் கிளட்ச் வகைகளில் வண்டி நின்ற பிறகும் பிடிஓ தொடர்ந்து சுழலும். ரோட்டாவேட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அறுவடைக்குப் பிறகு வைக்கோல் கட்டும் வேலைக்குப் போக நினைப்பவருக்கு இரட்டைக் கிளட்ச் கட்டாயம் வேண்டும். ஒரு கட்டு கட்டி முடியும்வரை வண்டி நிற்க, இயந்திரம் மட்டும் ஓட வேண்டியிருக்கும்.

இரண்டு சக்கர இழுவையா, நான்கு சக்கர இழுவையா

இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டில்தான் பலர் நெடுநேரம் தயங்குகிறார்கள். இரண்டு சக்கர இழுவை வண்டியில் முன்சக்கரங்கள் தாமாகச் சுழல்வதில்லை. பின்னாலிருந்து வரும் தள்ளலில் உருள்கின்றன. ஆழச் சேற்றில் அவை உருளாமல் மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தாலும் வண்டி நேராகவே போக, ஓட்டுநர் ஒரு பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்புவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அப்படித் திருப்பும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குழி விழும். நான்கு சக்கர இழுவையில் முன்சக்கரமும் மண்ணைப் பற்றி இழுப்பதால் வண்டி திரும்புகிறது, வரப்பு ஏறுகிறது, புதைந்த இடத்திலிருந்து தானே வெளியே வருகிறது. ஆடுசதைச் சேறு உள்ள வயல்காரருக்கு, அதே விலையில் கிடைக்கும் பெரிய இரண்டு சக்கர வண்டியைவிடச் சிறிய, எடை குறைந்த நான்கு சக்கர வண்டியே ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன். கணுக்கால் சேறும் மணல் கலந்த மண்ணும் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை. நான்கு சக்கர இழுவையைச் சாலையில் போட்டு ஓட்டக் கூடாது என்பதை ஓட்டுநருக்குச் சொல்லி வையுங்கள், டயர் தேய்ந்துவிடும்.

பிடிமானத்தைக் கூட்டும் மற்றொரு வழி கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம். டயருக்கு வெளியே அதைப் பூட்டினால் எடை அகலப் பரவி, வண்டி குறைவாகப் புதையும். டெல்டாவில் இது இல்லாமல் தொளி இல்லை. ஆனால் அதைப் பூட்டியபடி தார்ச்சாலையில் ஓட்டுவதற்கு அனுமதியில்லை, சாலையைக் கொத்திவிடும். இந்தச் சிறு செய்தி ஒரு பெரிய கேள்வியைக் கிளப்புகிறது: உங்கள் வயலுக்கும் சாலைக்கும் இடையே எங்கே நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டுவீர்கள்? வழியில் உள்ள வாய்க்கால் பாலத்தின் அகலம், கேஜ் வீல் பூட்டிய வண்டியின் அகலத்துக்குப் போதுமா? உங்கள் வயலுக்குப் போக அடுத்தவர் வயல் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அவர் நட்டு முடித்த பிறகு உங்கள் வண்டி எப்படி உள்ளே போகும்? வண்டி வாங்கிய பிறகு இவற்றை யோசித்தவர்கள் உண்டு. ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு பாலத்தை அளந்துவிட்டு, அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள்.

புதைந்த வண்டியை வெளியே எடுக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கட்டை அடியில் சிக்கியதும் சக்கரம் சுழல முடியாமல் நிற்க, இன்ஜினின் திருகு விசை சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் முன்பக்கத்தை மேலே தூக்குகிறது. ஓட்டுநர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து அவரைச் சேற்றில் அழுத்திவிடும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. கருவியைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் இன்னொரு வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி நீண்ட வடத்தால், தாழ்வான கொக்கியில் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். ஓட்டுநருக்கு மேல் உறுதியான பாதுகாப்புச் சட்டம் உள்ள வண்டி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சீல்களைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய வண்டி ஒன்றை வாங்கினோம். சம்பாத் தொளியின் நான்காம் நாள் பின் அச்சில் ஒரு மாதிரியான இரைச்சல் வந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தபோது, தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்து, விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டியது. அச்சின் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. பழுது பார்க்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் முறைத் தண்ணீர் போய்விட்டது. அன்றிலிருந்து தொளி நாள்களில் ஒவ்வொரு மாலையும் அந்தக் கம்பியை உருவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எண்ணெய் வெளுத்திருந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

வாங்கத்தான் வேண்டுமா

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கின் வசதிக்காக வண்டியின் விலை 8 லட்சம் ரூபாய், ஆயுள் பத்து ஆண்டுகள், கடைசியில் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 72,000 ரூபாய். போட்ட பணத்துக்குச் சராசரியாக 10 விழுக்காடு வட்டி 44,000. காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு 16,000. வண்டி ஒரு மணி நேரம்கூட ஓடாமல் வாசலில் நின்றாலும் ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் செலவாகிறது. ஊரில் வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்றும், டீசல், ஓட்டுநர் கூலி, பழுது எல்லாம் சேர்த்து 700 என்றும் வைத்தால், ஒவ்வொரு மணிக்கும் மிஞ்சுவது 500. ஆக, ஆண்டுக்கு 264 மணி நேரம் ஓடினால்தான் வாடகைக்கு எடுப்பதும் சொந்தமாக வைத்திருப்பதும் சமமாகும். புழுதி உழவும் இரண்டு தொளியும் பரம்பும் சேர்ந்து போகத்துக்கு ஏக்கருக்கு நான்கு மணி நேரம், குறுவையும் தாளடியுமாக இரண்டு போகத்துக்கு எட்டு மணி நேரம் என்றால், அது 33 ஏக்கர், அதாவது ஐந்து வேலி. உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் வண்டி விலையையும் போட்டு இதே கணக்கை நீங்கள் செய்து பாருங்கள். எண் மாறும், முறை மாறாது.

ஐந்து வேலி நிலம் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? ஐந்து ஏக்கர்காரர் சொந்த வேலைக்காக மட்டும் வாங்கினால் ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் ஓடும் வண்டிக்கு மணிக்கு 3,300 ரூபாய் நிலைச்செலவு சுமக்கிறார். இந்தக் கணக்கைச் சொல்லும்போது, காலத்தில் நடவு முடிவதன் மதிப்பை யார் கணக்கில் எடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்து நாள் பிந்திய குறுவை, அறுவடைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழையில் சிக்கும், தாளடியும் பிந்தும், அதன் பின் ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் பிந்தும். ஆகவே வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ நான்கு பேர் சேர்ந்து, வயல் வரிசையை எழுதி வைத்துக்கொண்டு வாங்கலாம். அல்லது மீதி மணி நேரத்தை ஊருக்கு வாடகையாக ஓட்டும் துணிவோடு வாங்கலாம். இரண்டும் இயலாதவர், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைச் செயலியில் முன்பதிவு செய்வதும், தமக்கென்று ஒரு பவர் டில்லரை மட்டும் வைத்துக்கொள்வதும் தவறான முடிவே அல்ல. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் தேவைப்படுவோர் வண்டி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய பிறகு ரசீதைக் கொண்டுபோனால் பயனில்லை. டிராக்டருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பழைய விலைப்பட்டியலை யாராவது காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

கடையில் 49 எச்.பி., 49.9 எச்.பி. என்று பல மாடல்கள் 50ஐத் தொடாமல் நிற்பதைக் காணலாம். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு ஏற்ப அந்த இன்ஜின்களில் மின்னணுக் கட்டுப்பாடும் உயரழுத்த டீசல் தெளிப்பும் சேர்ந்தன, விலையும் கூடியது. அவை நல்ல இன்ஜின்களே. ஆனால் ஊர் மெக்கானிக் ஸ்பேனரை வைத்துச் சரிசெய்ய முடியாது; கணினியோடு கம்பெனி ஆள் வர வேண்டும். டெல்டாவின் பெரும்பாலான வயல்களுக்கு 50க்குக் கீழேயே போதும்.

பயன்படுத்திய வண்டி வாங்குபவர் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்த் தாமே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி தன் குறையைக் காட்டாது. நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி வேகமாகப் பீச்சியடிப்பது, உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததற்கு அடையாளம். ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் அடமானப் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

புதிய வண்டியோ பழைய வண்டியோ, கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. உங்கள் வயலில், உங்கள் சேற்றில், நீங்கள் வாங்க நினைக்கும் அதே ரோட்டாவேட்டரைப் பூட்டி ஒரு மா ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் இதற்கு இசைவார்கள். தொளி நாளில் வண்டி நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், சீலும் பில்டரும் எந்த ஊர்க் கடையில் கையிருப்பு இருக்கும் என்று அந்த வண்டியை ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரே ஒரு பணிமனை உள்ள நல்ல வண்டியைவிட, பக்கத்து ஊரில் உதிரிப்பாகம் கிடைக்கும் சுமாரான வண்டி டெல்டாக்காரருக்கு மேல்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் சித்திரையிலேயே வாங்கிவிடுவது நல்லது. புதிய வண்டிக்கு முதல் சர்வீஸ் வழக்கமாக 50 மணி நேர ஓட்டத்தில் வருகிறது. கோடை மழை பெய்த ஈரத்தில் கொத்துக் கலப்பையைப் பூட்டிக் கோடை உழவு ஓட்டினால், வைகாசி முடிவதற்குள் அந்த 50 மணி நேரம் நிறைந்து, பழைய எண்ணெய் மாற்றி, தளர்ந்த நட்டுகள் முறுக்கப்பட்டு, கன்னியில் தண்ணீர் வரும் நாளில் வண்டி தொளிக்கு ஆயத்தமாக நிற்கும்.